காசிக் குளிருக்கு ஒரு சூட்டுச் சட்டை: காரைக்குடியிலேயே தைத்துக்கொள்ளலாம்

போன மார்கழியில் ஆத்தா காசிக்குக் கிளம்பினார். எழுபது வயதைத் தாண்டியவர். நம் ஊரில் மார்கழி விடியலே இருபது டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வரும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு வருவார். காசியிலோ மார்கழி, தை இரண்டு மாதமும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் நாள் நிறைய. பனிமூட்டம் வேறு, கங்கைக் கரைக் காற்று வேறு. 1863 முதல் நம் நகரத்தார்களுக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) அங்கே நகரச் சத்திரம் இருக்கிறது, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குறையில்லை. ஆனால் நான்கு மணிக்கு எழுந்து படித்துறைக்குப் போகிறவருக்குச் சத்திரத்தின் சுவர் துணைக்கு வராதே.

"ஸ்வெட்டர் போட்டாலும் முதுகுதாம்ப்பா விறைக்குது" என்று முந்தைய பயணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்த முதுகுக்காகத்தான் பேட்டரியில் சூடாகும் கையில்லாச் சட்டை ஒன்றைச் செய்தேன். ஊசி நூல் பிடிக்கத் தெரிந்தவர், ஈயம் வைத்து ஒயர் பற்றவைக்கப் பழகியவர் யாரானாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பற்றவைக்கத் தெரியாவிட்டால் அந்த வேலைக்கு மட்டும் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு சுமார் 100 வாட் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் பேட்டரியிலிருந்து கொடுக்கப்போவது 10 வாட்டுக்கும் குறைவு. அந்த 100 வாட்டைக் காற்று அடித்துக்கொண்டு போக விட்டுவிட்டு, மேலே பத்து வாட் ஊற்றி ஒரு பயனும் இல்லை. ஆகவே சட்டை நல்லதாக அமைய வேண்டும். உள்ளே பஞ்சோ கம்பளித் துணியோ வைத்து, வெளிப்புறம் காற்றுப் புகாத துணியில் தைத்த கையில்லாத ஜாக்கெட் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காரைக்குடியில் தேடினால் கிடைப்பது கஷ்டம்தான், இங்கே யார் வாங்குகிறார்கள்? கொடைக்கானல் போகிறவர்களிடம் சொல்லிவிடலாம், இணையத்திலும் வாங்கலாம். அளவு ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும். உள்ளே சூட்டுத் துணி ஒன்று வரப்போகிறது.

என்னென்ன வேண்டும்

சூடாகும் பாகத்துக்கு நான் எடுத்தது 30 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) டெஃப்லான் உறை போட்ட செம்பு ஒயர். நிக்ரோம் கம்பியைத்தான் பலரும் முதலில் நினைப்பார்கள். இஸ்திரிப் பெட்டியில் இருப்பது அது. ஐந்து வோல்ட்டுக்கும் பத்து வாட்டுக்கும் அது சரிப்படாது. மெல்லியதாக எடுத்தால் போதிய கரண்ட் ஓடாது, தடிமனாக எடுத்தால் ஒரு முழத்துக்குள்ளே எல்லாச் சூடும் குவிந்து சுட்டுவிடும். மெல்லிய செம்பு ஒயரை நீளமாகப் பரப்பினால் அதே பத்து வாட் முதுகு முழுவதும் சீராகப் பரவும். டெஃப்லான் உறை 200 டிகிரி வரை தாங்கும், நம் சட்டை அதன் பக்கத்தில்கூடப் போகாது.

கேஜ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் 30 என்று கேட்டால் பிரிட்டிஷ் அளவில் கொடுப்பார்கள். அது கொஞ்சம் தடிமன், கணக்கு மாறிவிடும். தவிர, அந்தக் காயில் கம்பியில் இருப்பது வெறும் எனாமல் பூச்சு. மடிய மடிய உரிந்துவிடும், துணிக்கு ஆகாது. நமக்கு வேண்டியது அமெரிக்க அளவில் 30, அதாவது கால் மில்லிமீட்டர் செம்பு. பல இழை முறுக்கியதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, வளைந்து கொடுக்கும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். நான் இணையத்தில் வரவழைத்தேன்.

அதோடு: 10,000 அல்லது 20,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்) பவர் பேங்க் ஒன்று, தடிமனான பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்று, யுஎஸ்பி கேபிளின் நடுவே வைக்கும் சிறு சுவிட்ச், 45 டிகிரியில் தானே துண்டித்துக்கொள்ளும் வெப்ப சுவிட்ச் (கடையில் கேஎஸ்டி 9700 என்று கேளுங்கள், சாதாரணமாக இணைந்திருக்கும் வகை), 3 ஆம்பியர் ஃபியூஸ் அதன் கூட்டோடு, ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கிக்கொள்ளும் குழாய்), டிக் பட்டன்கள், ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

துணிக்கு வீட்டிலேயே இருக்கிறது வழி: பழைய கண்டாங்கிச் சேலை. பருத்தி என்பதால் சூட்டில் உருகி ஒட்டாது, பாலியஸ்டர் அந்த வகையில் ஆபத்து. இன்னொரு காரணம் வேலையின் நடுவில்தான் எனக்குப் பிடிபட்டது, கீழே சொல்கிறேன்.

ஒயரின் நீளம்தான் எல்லாம்

இந்த ஒயர் ஒரு மீட்டருக்கு 0.34 ஓம் தடை தரும். பவர் பேங்க் தருவது 5 வோல்ட். 7.6 மீட்டர் வெட்டினால் சுமார் 2.6 ஓம். ஐந்தை அதால் வகுத்தால் 1.9 ஆம்பியர். கேபிளிலும் இணைப்புகளிலும் கொஞ்சம் இழந்து கடைசியில் 9 வாட் அளவில் நிற்கும். பெரும்பாலான பவர் பேங்க் யுஎஸ்பி வாய்கள் 2 ஆம்பியருக்கு மேல் தாங்கும், பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான். ஒயரைக் குறைத்தால் சூடு குறையும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். நீளம் பாதியானால் தடை பாதி, கரண்ட் இரண்டு மடங்கு, பாதி ஒயருக்குள் இரண்டு மடங்கு சூடு. "கொஞ்சம் மிச்சம் இருக்கே, வெட்டிவிடுவோம்" என்று கத்தரியை எடுக்காதீர்கள். சூடு குறைய வேண்டுமென்றால் ஒயரைக் கூட்டுங்கள்.

வெட்டியதும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை, கழித்துக்கொள்ளுங்கள். மீதி 2.5-க்கும் 2.7-க்கும் நடுவே இருந்தால் சரி. இரண்டுக்குக் கீழே வந்தால் உங்கள் கையில் இருப்பது வேறு கேஜ்.

கண்டாங்கிக் கட்டத்தில் ஒயர் இழைப்பது

சேலையிலிருந்து 35 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் 18 வரிசையாக ஒயரை மேலும் கீழுமாக இழைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் 40 சென்டிமீட்டர் உயரம், வரிசைக்கு வரிசை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. வரிசைகள் இரட்டைப்படையில் இருந்தால் ஒயரின் இரண்டு நுனியும் கீழ்ப்பக்கமே வந்து முடியும். அது முக்கியம், இணைப்புகள் எல்லாம் இடுப்புப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

அளவுகோலும் சாக்குக்கட்டியும் வைத்துக் கோடு போடத் தொடங்கியபோதுதான் பார்த்தேன், துணியிலேயே கோடு இருந்தது. ஆத்தாவின் அந்த அரக்குக் கண்டாங்கி சிறு கட்டம் போட்டது. அளந்து பார்த்தால் ஒரு கட்டம் முக்கால் சென்டிமீட்டர். இரண்டு கட்டத்துக்கு ஒரு வரிசை என்று கணக்கு வைத்து, கோடு போடாமலே நூல் பிடித்தாற்போல இழைத்துவிட்டேன். உங்கள் சேலையின் கட்டம் வேறு அளவாக இருக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கும் இரண்டுக்கும் நடுவே எந்த இடைவெளி வந்தாலும் வேலை நடக்கும். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியாக இருந்தால் போதும்.

ஒயரைத் துணியின் மேல் கிடத்தி, ஊசி ஒயரைக் குத்தாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணியில் மட்டும் ஏறி இறங்குமாறு நான்கு விரல்கடைக்கு ஒரு தையல் போடுங்கள். பூவில் நாரைப் பிடிப்பது போலத் தளர்வாகப் பிடித்தால் போதும். திரும்பும் இடங்களில் மடக்காமல் வளைத்துத் திருப்புங்கள். ஆள் குனியும்போது ஒயர் நகர இடம் வேண்டும்.

முதல் தடவை நான் தைக்காமல் டேப் போட்டு ஒட்டினேன், சீக்கிரம் முடியுமே என்று. போட்டுப் பார்த்த அரைமணி நேரத்தில் வேர்வையில் டேப் விட்டு, இரண்டு வரிசை நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. உள்ளங்கையை வைத்தால் ஒரு ரூபாய் அகலத்துக்கு அங்கே மட்டும் சுட்டது. முழுவதையும் பிரித்துவிட்டு ஊசியை எடுத்தேன்.

ஒன்பதாவது வரிசைக்கும் பத்தாவதுக்கும் நடுவே, மேல் வளைவில் ஒயரை வெட்டி வெப்ப சுவிட்சைத் தொடராக இணையுங்கள். அந்த இடம் பிடரிக்குக் கீழே, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் வரும். சாய்ந்து உட்கார்ந்தாலும் குத்தாது. பற்றவைத்த இரண்டு இடத்துக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, சுவிட்சின் அடியில் சிறு தோல் துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள். ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்கும், அதன் ஓரம் அசைந்து அசைந்துதான் ஒயர் அறுந்துபோகும். என்னுடைய முதல் துணியில் இரண்டாம் நாளே அப்படி அறுந்தது. தோல் துண்டு வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கீழே வந்த இரண்டு நுனிகளையும் யுஎஸ்பி கேபிளோடு சேர்க்க வேண்டும். கேபிளை வெட்டினால் உள்ளே பொதுவாக நான்கு ஒயர் இருக்கும்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. சில கேபிளில் நிறம் மாறியிருக்கும். ஆகவே பவர் பேங்க்கில் செருகி, எந்த இரண்டுக்கு நடுவே 5 வோல்ட் வருகிறது என்று மீட்டரில் பார்த்துவிட்டு, கழற்றிய பிறகு வேலையைத் தொடருங்கள். வேண்டாத இரண்டையும் தனித்தனியே டேப் சுற்றி மூடிவிடுங்கள். சிவப்பில் ஃபியூஸ், அதன் பிறகு நம் ஒயரின் ஒரு நுனி; மற்ற நுனி கறுப்பில். பழைய அகலமான யுஎஸ்பி தலை உள்ள கேபிளையே எடுங்கள். புதிய சிறிய நீள்வட்டத் தலைக்கு உள்ளே கூடுதல் தடைகள் இல்லாவிட்டால் பவர் பேங்க் மின்சாரமே விடாது.

பிறகு இரண்டாவது கண்டாங்கித் துண்டை மேலே வைத்து நான்கு ஓரமும் தைத்து மூடுங்கள். நடுவில் தைக்கவே கூடாது, தையல் மிஷின் ஊசி ஒயரில் இறங்கினால் அவ்வளவுதான். மூலைகளிலும் பக்கங்களிலும் டிக் பட்டன் வைத்து ஜாக்கெட்டின் உள்முதுகில் மாட்டுங்கள். துவைக்கும்போது கழற்ற வேண்டும் என்பதால்தான் பட்டன்.

பேட்டரியைப் பற்றி

காரைக்குடிக்காரர்களுக்கு பேட்டரி அந்நியப் பொருளல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வு நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்டது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் நடக்கிறது. அந்த வளாகத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலோ என்னவோ, லித்தியம் பேட்டரி என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. பழைய லேப்டாப்பிலிருந்து செல்களைப் பிரித்து எடுத்து ஒயரில் நேரே கட்டும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த செல்லுக்கு ஷார்ட் ஆனால் நிறுத்தத் தெரியாது, தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீப்பிடிக்கும். பவர் பேங்க்கில் இதைக் கவனிக்கும் சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கில். அதன்படி 37 வாட்-மணி (ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு வாட்-மணி). ஐந்து வோல்ட்டாக மாற்றுவதில் கொஞ்சம் போக, 30 சொச்சம் கையில் நிற்கும். நம் சட்டைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட வரும். விடியற்காலை தரிசனத்துக்கு அது தாராளம். ஆத்தா பத்து நிமிடம் போட்டு, முதுகு இளகியதும் அணைத்து, மறுபடி குளிரும்போது போடுவார். அப்படி வைத்துக்கொண்டதில் ஒரு முழு நாள் வந்தது. 20,000 வாங்கினால் நேரம் இரட்டிப்பாகும், பாக்கெட் கனமும் அப்படியே. வயதானவர்களுக்குச் சிறியது இரண்டு கொடுப்பது மேல்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி உண்டு. 20,000 எம்ஏஎச் என்பது 74, ஆகவே பயமில்லை. பேட்டரிக்கும் குளிர் ஆகாது. குளிர்ந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜாக்கெட்டின் வெளிப் பாக்கெட்டில் வைக்காமல் முன்பக்கம் உள்ளே ஒரு பை தைத்து அதில் வையுங்கள், சூட்டுத் துணிக்கு மேலே மட்டும் வேண்டாம்.

போட்டுவிடுவதற்கு முன்

சூட்டுத் துணியை மரப் பலகையில் விரித்து, மேலே மடித்த போர்வையைப் போட்டு, நடுவில் ஒரு வெப்பமானி முனையைச் செருகி இருபது நிமிடம் ஓட விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். 40, 42 டிகிரிக்குள் நின்றால் நல்லது. அதைத் தாண்டினால் ஒரு மீட்டர் ஒயரைக் கூட்டுங்கள். அணைத்துவிட்டு உள்ளங்கையால் முழுவதையும் தடவிப் பாருங்கள், எந்த இடமும் தனியாகச் சுடக் கூடாது. வெப்ப சுவிட்ச் துண்டித்தால் பவர் பேங்க்கும் "எதுவும் செருகவில்லை" என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அதன் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் வரும். கெட்டுப்போனது என்று பதற வேண்டாம். அடிக்கடி அப்படி ஆனால் மட்டும் துணியைப் பிரித்து, எங்காவது ஒயர் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

44 டிகிரி என்பது கைக்குச் சுகமான சூடுதான். ஆனால் அதே இடத்தில் மணிக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும், வேகும்போது தெரியவும் தெரியாது. ஆகவே வெற்று முதுகில் போடக் கூடாது. ரவிக்கையோ பனியனோ, அதன் மேல் சேலையோ சட்டையோ, அதற்கும் மேல்தான் இந்த ஜாக்கெட். போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம். குழந்தைகளுக்கு இதைச் செய்து கொடுக்காதீர்கள், சுடுகிறது என்று சொல்லத் தெரியாது.

"ஏம்ப்பா, கங்கையில நனைஞ்சா கரண்டு அடிக்காதா?" என்று ஆத்தா கேட்டார். ஐந்து வோல்ட் யாரையும் அடிக்காது. ஆனால் ஈரம் பட்டால் பவர் பேங்க் பாழாகும், இணைப்புகளில் பச்சை பூக்கும். குளித்து, தலை துவட்டி, உலர்ந்த துணி மாற்றிய பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் வளவில், மார்கழி விடியலில் வெறுந்தரையில் தூணில் சாய்ந்து உட்கார வைத்துப் பழக்கிவிட்டேன். சுவிட்ச் எங்கே, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கண்ணாடி போடாமல் விரலாலேயே கண்டுபிடிக்கும்வரை. முதலில் சுவிட்ச் இடுப்பில் இருந்தது, சேலைக் கொசுவத்துக்கு அடியில் தேடித் தேடிச் சலித்துப்போனார். மார்புப் பக்கம், இடது கை தானாகப் போய் நிற்கும் இடத்துக்கு மாற்றித் தைத்தேன். யாருக்குச் செய்கிறீர்களோ அவரை நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் வையுங்கள்.

திரும்பி வந்த பிறகு

சூட்டுத் துணியைக் கழற்றி, கேபிள் நுனியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீரில் அலசுங்கள். பிழியாமல் நிழலில் இரண்டு நாள் காயட்டும். காய்ந்ததும் மீட்டரில் தடையைப் பாருங்கள். முன்பிருந்த அதே எண் வந்தால் நல்லபடியாக இருக்கிறது. எண் ஏறினாலோ, துணியை அசைக்கும்போது ஆடினாலோ எங்கோ இழை அறுந்திருக்கிறது, அந்தத் துணிக்கு மறுபடி மின்சாரம் கொடுக்காதீர்கள்.

மடித்து வைக்காமல், ஒரு துண்டைச் சுருட்டி அதன் மேல் பாய் சுற்றுவது போலச் சுற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். பவர் பேங்க்கை அதோடு வைக்க வேண்டாம். பாதி சார்ஜில், சித்திரை வெயில் ஏறாத கீழ் அலமாரியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக் குறைந்திருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றிவிடுங்கள்.